உச்சநேரம் யாருடைய நேரம்?

கோடை வந்துவிட்டால் நமக்குச் சிக்கனப் பாடம் எடுக்க ஆள் கிளம்பிவிடுகிறார்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து மணிவரை மிக்ஸி ஓட்டாதே, கிரைண்டர் போடாதே, துணி அயர்ன் பண்ணாதே, தேவையில்லாத விளக்கை அணைத்துவிடு. துண்டறிக்கையில் சொல்கிறார்கள், டிவியில் சொல்கிறார்கள், கரண்ட் பில் கட்டப் போனால் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கூப்பிடப்படுகிறவர் 'பொதுமக்கள்'.

யார் இந்தப் பொதுமக்கள்? அடுக்குமாடி வீட்டில் அறைக்கு ஒரு ஏசி வைத்திருப்பவரும் பொதுமக்கள். காலனித் தொகுப்பு வீட்டில் ஒரு டியூப்லைட், ஒரு ஃபேனோடு இருப்பவரும் பொதுமக்கள். பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொதுச் சுடுகாடு என்று இந்த நாட்டில் 'பொது' என்று பெயர் வைக்கப்பட்ட எதிலும் நமக்கு என்ன பங்கு கிடைத்தது என்று நமக்குத் தெரியும். கொடுக்கிற இடத்தில் காலனி, வாங்குகிற இடத்தில் பொதுமக்கள். ஆகவே இந்தப் பெயரைச் சொல்லி நம்மிடம் எதையாவது விட்டுக்கொடு என்று கேட்டால், கொஞ்சம் நின்று கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் விஷயத்தை விஷயமாகப் பார்ப்போம். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல மின்சாரத்தைக் கொட்டி வைக்க முடியாது. பேட்டரியில் சேமிக்கிற ஏற்பாடுகள் வரத் தொடங்கியிருக்கின்றன, ஆனால் மொத்தத் தேவைக்கு முன்னால் அது சொற்பம். எந்த நொடியில் எவ்வளவு தேவையோ அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத அளவு அது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. பொழுது சாய்ந்தால் அது அடியோடு நின்றுவிடுகிறது. தேவை மட்டும் நிற்பதில்லை. ஆபீசிலிருந்து ஆள் வீடு திரும்புகிறது, விளக்கு எரிகிறது, ஏசி ஓடத் தொடங்குகிறது. இந்த இடைவெளியை நிலக்கரியால், எரிவாயுவால், அணைத் தண்ணீரால் அடைக்க வேண்டும். மிச்சத்தை மின்சந்தையில் வாங்க வேண்டும். அந்தச் சந்தையில் ஒரு யூனிட் விலை 10 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2023 ஏப்ரலில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உச்சவரம்பு வைத்தது. தட்டுப்பாடான சாயங்காலங்களில் விலை அந்த வரம்பில் போய் முட்டுகிறது. எனவே உச்சநேரத்தில் ஒரு யூனிட் குறைப்பது மற்ற நேரத்தில் குறைப்பதைவிடப் பெரிய காரியம்தான். இதை நாம் மறுக்கவில்லை.

மறுக்க நமக்கு நியாயமும் கிடையாது. ஏனென்றால் அந்தக் கடைசி யூனிட்டுக்காக எரிக்கிற நிலக்கரியின் சாம்பல் போய் விழுகிற இடம் போயஸ் தோட்டம் அல்ல. எண்ணூர். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. அங்கே மீன் பிடித்துப் பிழைத்தவர்களும் வடசென்னையின் உழைக்கும் சனங்களும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். நெய்வேலியில் நிலம் தோண்டி எடுத்த பழுப்பு நிலக்கரியில் 1962இலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். நிலத்தைக் கொடுத்தவன் ஒருத்தன், வெளிச்சத்தை வாங்கியவன் வேறொருத்தன். இதில் நிலம் சொந்தமாக இல்லாத கூலிச் சனம் நட்டஈட்டுக் கணக்கில்கூட ஏறவில்லை. மின்சாரம் குறைவாகச் செலவாக வேண்டும் என்பதில் நமக்கு அக்கறை உண்டு, ஊரார் எவரையும்விட அதிகமாகவே உண்டு. நம் கேள்வி வேறு. உச்சத்தை ஏற்றுகிறவன் யார்? இறக்கச் சொல்லி உத்தரவு யாருக்கு வருகிறது?

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். எல்இடி பல்பு 9 வாட். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட். அதாவது ஒரு ஏசி இழுப்பது இருபது ஃபேனுக்குச் சமம், நூற்று அறுபது பல்புக்கும் மேல். ஒரே வீட்டில் மூன்று ஏசி ஓடினால் அது ஒரு தெருவுக்குச் சமம். ஒரு லட்சம் ஏசி ஒரே நேரத்தில் ஓடினால் 150 மெகாவாட். வெந்நீர் போடுகிற கீசர் 2,000 வாட். ஒரு காலனியில் அறுபது வீடு, வீட்டுக்கு ஒரு ஃபேன், இரண்டு பல்பு என்று வைத்துக்கொண்டால் மொத்தமே 5,580 வாட். நாலு ஏசி உள்ள ஒரு பங்களா இதைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைப் போட எம்.ஏ. படிக்க வேண்டியதில்லை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். ஆனாலும் சிக்கன அறிவிப்பில் முதலில் வருவது மிக்ஸி, கிரைண்டர், 'தேவையில்லாத விளக்கு'. தேவையில்லாத விளக்கு எரிகிற வீடு எது? இரண்டு விளக்கு இருக்கிற வீட்டில் தேவையில்லாத விளக்கு எது?

அடுத்து நேரத்துக்கு வருவோம். சாயங்காலம் செய்கிற வேலையை மத்தியானத்துக்கு மாற்றிக்கொள் என்று யோசனை சொல்கிறார்கள். சூரிய மின்சாரம் தாராளமாக இருக்கும்போது துவைத்துக்கொள், மாவு அரைத்துக்கொள், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிக்கொள் என்கிறார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சரியான யோசனை. ஆனால் மத்தியானம் யாருக்குச் சொந்தம்? சென்னையில் வீட்டுவேலை செய்கிற எங்கள் சின்னம்மா இந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"ஏண்டா தம்பி, ஏழு மணிக்குக் கெளம்பினா நாலு வூடு முடிச்சிட்டு நான் திரும்பறதுக்கு ஆறாயிடுது. அவங்க வூட்டு வாஷிங்மிஷின மத்தியானம் போடறது யாரு? நான்தான். அவங்க துணிய அயர்ன் பண்றது யாரு? நான்தான். மாவு அரைச்சி டப்பால ஊத்தி ஃபிரிட்ஜில வெச்சிட்டு வர்றதும் நான்தான். என் வூட்டுக்கு மாவு அரைக்க ஆறு மணிக்கு மேலதான்டா எனக்கு நேரம். அப்ப அரைக்காதங்கறான். பின்ன எப்பதான் அரைக்கிறது, நீயே சொல்லு?"

நான் படித்த எந்தப் பொருளாதாரப் புத்தகமும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்த அடுக்குமாடிக் குடும்பம் தன் வேலையைப் பகலுக்கு மாற்றிவிட்டது. எப்படி மாற்றியது? இன்னொருத்தியின் பகலை விலைக்கு வாங்கி மாற்றியது. அவர்கள் வீட்டு மீட்டரில் உச்சநேரச் செலவு குறைகிறது. அவள் வீட்டு மீட்டரில் உச்சநேரச் செலவு ஏறுகிறது. அவர்களுக்குப் 'பொறுப்புள்ள குடிமக்கள்' என்று பெயர். இவளுக்குப் பொறுப்பில்லை என்று பெயர். களையெடுக்கப் போகிறவள், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள், விடிகாலையில் தெருக் கூட்டப் போகிறவள் எல்லோர் கதையும் இதுதான். அவர்கள் பகல் முழுதும் அடுத்தவனுக்கு. தனக்கென்று ஒரு வீடு, அடுப்பு, பிள்ளை என்று நினைக்கக் கிடைப்பது அந்த நாலு மணி நேரம். அரசாங்கம் அதற்கு 'உச்சநேரம்' என்று பெயர் வைத்து அதிலும் கை வைக்கிறது.

பிள்ளைகள் படிப்பும் அந்த நாலு மணி நேரத்தில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வுகள் மார்ச், ஏப்ரலில் வருகின்றன. மின்தேவை ஏறுகிற மாதங்களும் அவைதான். ஊர்த்தெருப் பிள்ளைக்கு டியூஷன் உண்டு, மாடியில் தனி அறை உண்டு, இன்வர்ட்டர் உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த காலனிப் பிள்ளைக்கு இருப்பது கூடத்தில் ஒரு விளக்கு. அது போனால் அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

கூரையைப் பற்றியும் பேச வேண்டும். இந்தச் சிக்கனப் பேச்சில் யாரும் கூரையைப் பற்றிப் பேசுவதில்லை. அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகளில் குடியிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தாழ்வான கான்கிரீட் தளம், ஒரு ஜன்னல், மேலே நிழல் தர ஒரு மரம் கிடையாது. பகல் முழுதும் வெயிலைக் குடித்த தளம் ராத்திரியில்தான் அதைக் கக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு வெளியே காற்று குளிர்ந்துவிடும், வீட்டுக்குள் சட்டியில் வறுக்கிறமாதிரி இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உச்சநேரம் என்று சொல்லப்படுகிற அதே நேரத்தில்தான் நம் வீடுகளில் ஃபேன் கட்டாயமாகத் தேவைப்படுகிறது. கைக்குழந்தையும் கிழவியும் கிடக்கிற வீட்டில் ஃபேனை நிறுத்து என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நகரத்துக்குள்ளிருந்து பிய்த்தெடுத்துப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுபோய் வைத்தார்களே, அந்தச் சனங்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கரண்ட் போனால் விளக்கு மட்டும் போவதில்லை. லிஃப்ட் நிற்கிறது, தண்ணீர் மோட்டார் நிற்கிறது. கர்ப்பிணியும் முதியவரும் குடத்தோடு படியேற வேண்டும்.

இவ்வளவும் சொன்னால், 'எல்லோருக்கும்தானே மின்வெட்டு, உங்களுக்கு மட்டுமா?' என்பார்கள். எல்லோருக்கும் ஒன்றுபோல வெட்டியது எப்போது? 2012ஐ நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு அறிவிக்கப்பட்ட மின்வெட்டு 2 மணி நேரம். அதே சமயம் மாவட்டங்களில் கிராமங்கள் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேல் இருட்டில் கிடந்தன. 2011இல் தொடங்கிய இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் அப்போதுதான் வீடு வீடாக வந்துகொண்டிருந்தது. மிக்ஸி வந்தது, கரண்ட் வரவில்லை. அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் மேலே தூக்கி வைத்துவிட்டு மறுபடி அம்மியில் உட்கார்ந்தார்கள் நம் பெண்கள்.

மின்வெட்டு எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேவை மிஞ்சும்போது துணைமின் நிலையத்தில் ஒரு ஃபீடரை நிறுத்துகிறார்கள். அந்த ஃபீடரில் இருக்கிற அத்தனை வீடும் ஒரே நொடியில் அணைகிறது. பார்க்க இது சமத்துவம் மாதிரி தெரியும். ஆனால் எந்த ஃபீடரை முதலில் நிறுத்துவது என்று முடிவு செய்கிற இடத்தில் நாம் இல்லை. மந்திரி வீடு, கலெக்டர் பங்களா, தொழிற்பேட்டை இருக்கிற ஃபீடரில் யாரும் சுலபத்தில் கை வைப்பதில்லை. கிராமத்து ஃபீடர் கேட்பாரில்லாதது. அந்தக் கிராமத்துக்குள்ளும் டிரான்ஸ்பார்மர் ஊர்த்தெருவில் நிற்கும். அங்கிருந்து இழுத்த கம்பி ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் காலனிக்கு வரும். வந்து சேரும்போது வோல்டேஜ் இருக்காது. ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். எங்கள் காலனிக்குத் தனி டிரான்ஸ்பார்மர் கேட்டு நாங்கள் நடந்த நடை கொஞ்சமல்ல. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "ரெண்டு பல்பு எரிக்கிறதுக்கு ஒனக்குத் தனி டிரான்ஸ்பார்மர் கேக்குதா?" ஆற்றுத் தண்ணீரில் கடைமடைக்காரனுக்கு என்ன கதியோ, மின்சாரத்தில் காலனிக்கு அதே கதி.

ஃபீடரை நிறுத்தினால் வசதியுள்ளவன் வீடு உண்மையில் இருட்டாகிறதா? இல்லை. இன்வர்ட்டர் ஓடுகிறது, அடுக்குமாடியில் ஜெனரேட்டர் ஓடுகிறது. இன்வர்ட்டர் பேட்டரி தானாக நிரம்புவதில்லை, கரண்ட் இருக்கும்போது இழுத்து நிரப்பிக்கொள்கிறது. நிரப்புவதிலும் திரும்ப எடுப்பதிலும் ஒரு பங்கு வீணாகப் போகிறது. ஆக, மின்வெட்டு அவர்கள் செலவைக் குறைப்பதில்லை, தள்ளிப் போட்டுக் கூட்டுகிறது. உண்மையில் குறைவது இன்வர்ட்டர் வாங்க முடியாதவன் வீட்டில்தான். அவனிடம்தான் குறைக்க ஏதும் இல்லை.

இதற்கு நடுவில் நமக்குத் திருட்டுப் பட்டம் வேறு. 'சேரியில கொக்கி போட்டு இழுக்கறானுங்க, அதான் கரண்ட் பத்தல' என்று டீக்கடையில் சாதாரணமாகப் பேசுவார்கள். கட்சி மாநாட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊர் முழுக்க சீரியல் லைட் எங்கிருந்து எரிகிறது, அதில் எத்தனைக்கு மீட்டர் உண்டு என்று யாரும் கேட்பதில்லை. சாமி எரித்தால் பக்தி, சாம்பான் எரித்தால் திருட்டு. குடிசைகளுக்கு ஒரு விளக்கு என்று திட்டம் போட்டார்களே, அதன் பெயரையே கவனியுங்கள். ஒரு விளக்கு. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு வெளிச்சம் போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு பல்பு மாட்டினால் விதிமீறல். ஆனால் 2016 மே மாதம் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தபோது, மூன்று ஏசி வைத்திருப்பவன் வீட்டுக்கும் அந்த 100 யூனிட் போனது. உழவுக்கு இலவச மின்சாரம் 1990இலிருந்து எல்லா விவசாயிக்கும் உண்டு. நல்லது, இருக்கட்டும். ஆனால் மோட்டார் வைக்க நிலம் வேண்டுமே. பஞ்சமி நிலத்தையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிற நமக்கு அந்த இலவசத்தில் என்ன வந்தது? இந்த இலவசங்களை வாங்குகிற எவனையும் யாரும் சிக்கனமாக இரு என்று அதட்டுவதில்லை.

நம் வீட்டில் ஒரு மின்சாதனம் இருப்பது இந்தச் சமூகத்தின் கண்ணை எப்படி உறுத்துகிறது என்பதற்கு ரத்தமும் நெருப்புமாகச் சாட்சி இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் நுழைந்த போலீஸ் எதை உடைத்தது? டிவியை, ஃபேனை, ரேடியோவை, தையல் மிஷினை. வெளிநாடு போய் உழைத்து அனுப்பிய காசில் வாங்கிய பொருள்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். ஃபிரிட்ஜ், டிவி, பீரோ, மோட்டார் சைக்கிள் என்று தேடித் தேடி அழித்தார்கள். கொளுத்தியவன் கோபம் ஒரு கல்யாணத்தின் மேல் மட்டுமல்ல. பறையன் வீட்டில் ஃபிரிட்ஜா என்கிற கோபமும் அதற்குள் இருந்தது. சண்டாளனுக்கு உடைந்த பாத்திரமும் இரும்பு நகையும்தான் என்றும், சூத்திரன் பொருள் சேர்த்தால் பார்ப்பானுக்குத் தொல்லை என்றும் மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயம் விதித்திருக்கிறது. அந்த விதி ஏட்டில் செத்துவிட்டது, மனத்தில் சாகவில்லை. நம் வீட்டு மிக்ஸி ஆடம்பரமாகவும் அவன் வீட்டு ஏசி அத்தியாவசியமாகவும் தெரிகிற பார்வை அங்கிருந்து வருகிறது.

ஆகவே 'எளிமை' என்று யாராவது நம்மிடம் பேச வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காந்தியவாதிகள் பேசுகிறார்கள். இயற்கை ஆர்வலர்கள் என்று சொல்லிக்கொள்ளும் சில நண்பர்களும் பேசுகிறார்கள். அம்மியில் அரைத்தால்தான் ருசி, ஆட்டுக்கல்லில் ஆட்டினால் உடம்புக்கு நல்லது, நிலா வெளிச்சத்தில் சாப்பிடுவது என்ன சுகம் என்று எழுதுகிறார்கள். அரைத்த கை யாருடையது? ஊரார் வீட்டு நெல்லைக் குத்திக் குத்தித் தோள் இறங்கிப்போன நம் ஆயாக்களைக் கேட்டால் ருசியின் கதை தெரியும். இல்லாமையால் இருட்டில் இருந்தவனுக்கு இருட்டின் அழகைப் பற்றிப் பாடம் எடுப்பது அயோக்கியத்தனம். நாம் நூற்றாண்டுக் கணக்கில் சிக்கனமாகத்தான் இருந்திருக்கிறோம், நம் சம்மதமில்லாமல்.

அண்ணல் அம்பேத்கரை இங்கே நினைக்க வேண்டும். அவரைச் சட்டம் எழுதியவராக மட்டும் சிலை வைத்துவிட்டார்கள். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது என்பது நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. 1943 அக்டோபரில் பொதுப்பணி, மின்சாரத்துக்கான கொள்கைக் குழுக் கூட்டத்தில் தலைமையேற்றுப் பேசினார். மின்சாரம் தனியாரிடம் இருக்க வேண்டுமா அரசிடமா என்கிற கேள்வியை அங்கே வைத்தார். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் தொழில் வளராது, தொழில் வளராமல் இந்த மக்கள் வறுமைச் சுழலிலிருந்து மீள முடியாது என்பது அவர் வாதம். 1944இல் மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் அமைந்ததும் அவர் காலத்தில்தான். மின்சாரத்தை அவர் வசதியாகப் பார்க்கவில்லை, விடுதலைக்கான கருவியாகப் பார்த்தார். எண்பது வருசம் கழித்து அவர் சனங்களுக்கு 'கொஞ்சமாக எரி' என்பதுதான் செய்தி என்றால், அவர் கேட்ட கேள்விக்கு இந்த அரசுகள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 2023 ஜூனில் மத்திய அரசு மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. நேரத்துக்கு ஒரு விலை என்பது அதன் சாரம். சூரிய மின்சாரம் கிடைக்கிற பகல் நேரத்தில் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக வாங்க வேண்டும். உச்சநேரத்தில் தொழில், வணிக இணைப்புகளுக்கு 1.2 மடங்கு, வீடு உள்ளிட்ட மற்றவற்றுக்கு 1.1 மடங்குக்குக் குறையாமல் வாங்க வேண்டும். விவசாயம் தவிர எல்லா இணைப்புக்கும் 2025 ஏப்ரல் முதல் இது வர வேண்டும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீட்டுக்குப் பொருத்தியதுமே வர வேண்டும் என்கிறது விதி. எந்த மாநிலம் எப்படிச் செய்யப்போகிறது என்பது வேறு விசயம். இதன் தர்க்கத்தைப் பாருங்கள். பகலில் வீட்டில் ஆள் இருந்து மிஷின் ஓட்ட முடிகிறவனுக்குத் தள்ளுபடி. பகலெல்லாம் வெளியே உழைத்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறவளுக்கு அபராதம். 10 சதவீதம் ஏறினால் ஏசிக்காரன் ஏசியை நிறுத்துவானா? மாட்டான். அந்தக் காசு அவனுக்கு ஒரு காப்பிச் செலவு. கணக்குப் பார்த்துச் சமைக்கிற வீட்டில்தான் அந்த 10 சதவீதம் ஃபேனை நிறுத்த வைக்கும். தேவையைக் குறைக்கிறேன் என்று கிளம்பி, யாரிடம் தேவை குறைவோ அவரிடமே குறைக்கிற ஏற்பாடு இது.

சரி, நீ என்னதான் சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்காக நாலு விசயம் சொல்கிறேன்.

ஒன்று, ஃபீடரை நிறுத்துவதை விட்டுவிட்டு வீட்டுக்கு வரம்பு வையுங்கள். ஸ்மார்ட் மீட்டரில் ஒரு வீடு ஒரே நேரத்தில் இத்தனை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்த வழி இருக்கிறது. தட்டுப்பாடான சாயங்காலத்தில் எல்லா வீட்டுக்கும் 1,000 வாட் என்று வரம்பு வைக்கட்டும். இரண்டு ஃபேன் 150, நாலு விளக்கு 80, டிவி 100, ஃபிரிட்ஜ் 150, மிக்ஸி 500. கூட்டினால் 980. ஒரு குடும்பம் மரியாதையாக வாழ இது போதும். ஏசி இதில் ஏறாது, கீசர் ஏறாது. மருத்துவக் கருவி தேவைப்படும் நோயாளி இருக்கிற வீட்டுக்கு விலக்குக் கொடுக்கட்டும். அப்போது தெரியும் உச்சநேரத்தை ஏற்றியது யார் என்று. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. அதே மீட்டரால், முன்பணம் தீர்ந்த நொடியில் ஏழை வீட்டை இருட்டாக்கவும் முடியும். அதற்கு நாம் ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது.

இரண்டு, உச்சநேரக் கூடுதல் கட்டணம் வேண்டுமென்றால் அனுமதிக்கப்பட்ட மின்பளு பெரிதாக இருக்கிற வீட்டிலிருந்து தொடங்கட்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டில் வாங்கட்டும். அதற்குக் கீழே இருக்கிறவர்களைத் தொடக் கூடாது. ஏசிக்காரர்களுக்கு அறிவுரை சொல்லப் பஞ்சமா? 2020 ஜனவரியிலிருந்து ஏசி 24 டிகிரியில் தொடங்கும்படிதான் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சமாகும் என்று அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. அதை 26இல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் துண்டறிக்கையை அடுக்குமாடி வாசலில் போய்க் கொடுங்கள்.

மூன்று, ஏழை வீட்டின் செலவைக் குறைக்க வேண்டுமா? பொருளைக் கொடுங்கள். இப்போது வருகிற பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட்டில் ஓடுகிறது. பழைய ஃபேனோடு ஒப்பிட்டால் 45 வாட் மிச்சம். ஒரு கோடி ஃபேனை மாற்றிக் கொடுத்தால், எல்லாம் ஓடுகிற ஒரு சாயங்காலத்தில் 450 மெகாவாட் மிச்சம். எவனும் இருட்டில் உட்கார வேண்டாம், எவளும் வியர்வையில் கிடக்க வேண்டாம். மிக்ஸி கொடுத்த அரசாங்கத்தால் இதையும் கொடுக்க முடியும். கூடவே தொகுப்பு வீட்டுத் தளங்களுக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு அடிக்கட்டும்.

நான்கு, காலனிக்குத் தனி டிரான்ஸ்பார்மர். ஊர்த்தெருவின் தயவில் தொங்குகிற கம்பி வேண்டாம்.

இதை யாரும் தானாகத் தரப்போவதில்லை. தோழர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை கணக்கு எடுப்பது. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு காலனியிலும் ஒரு மாணவர், ஒரு நோட்டு. எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள். பிறகு அந்தக் காலனி இருக்கிற ஃபீடர் ஒரு வருசத்தில் எத்தனை மணி நேரம் நிறுத்தப்பட்டது, மாவட்டத் தலைநகரில் அதிகாரிகள் குடியிருக்கிற ஃபீடர் எத்தனை மணி நேரம் நிறுத்தப்பட்டது என்று எழுதிக் கேளுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர்ச் சுவரில் எழுதுங்கள். அடுத்த கோடையில் 'பொதுமக்களே' என்று துண்டறிக்கை வரும்போது அந்தச் சுவரைக் காட்டிப் பேசுவோம்.